காரணமில்லாமல் ஓடுவது

1

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸில் இப்போது குதிரைகள் ஓடுவதில்லை. வெள்ளைக்காரர் காலத்துப் பந்தயங்கள் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பழைய பங்களாக்களும் அரசு அலுவலகங்களும் சர்ச்சும் பெரிய மரங்களும் சூழ, சுமார் 2.5 கிலோமீட்டர் வட்டமாகக் கிடக்கும் அந்தச் சாலையின் நடைபாதையில் விடியுமுன்பே மனிதர்கள் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கிடையில் சிலர் ஓடுகிறோம்.

பந்தயக் குதிரையைப் பார்த்து ஏன் ஓடுகிறாய் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதன்மேல் பணம் கட்டியிருந்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் ரேக்ளா மாடுகள் 200 மீட்டரும் 300 மீட்டரும் ஓடும்போதும் யாரும் கேட்பதில்லை. மாட்டுக்காரரின் பெயரும் ஊரின் மானமும் அதில் இருக்கின்றன. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறவனையும் கேட்பதில்லை. அவன் காலின் கொப்புளங்களுக்கு முருகன் பொறுப்பு. ஒரு மனிதன் தனியாக, கையில் ஒன்றுமில்லாமல், எதையும் துரத்தாமல், எதனாலும் துரத்தப்படாமல் ஓடும்போதுதான் கேள்வி எழுகிறது.

கேள்வி இடத்துக்கு இடம் வேறு உருவம் எடுக்கிறது. ரேஸ் கோர்ஸில் அது மரியாதையானது: ‘எத்தனை ரவுண்டுங்க?’ காங்கயத்துக்குப் பக்கத்தில் அம்மாயி ஊருக்குப் போயிருந்தபோது ஊர்ச்சாலையில் ஓடினேன். மொபெட்டில் வந்த ஒருவர் நிறுத்தி, ‘ஏனுங் தம்பி, பஸ்ஸு போயிருச்சுங்களா? ஏறுங்க, கொண்டுபோய் உட்டர்றேன்’ என்றார். இல்லைங்க, சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். அவர் முகத்தில் வந்தது ஏளனமல்ல, கவலை. ‘ஊட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே?’ என்று கேட்டுவிட்டு மெதுவாகப் போனார். சற்றுத் தூரம் போய் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நாய்கள் இவ்வளவு யோசிப்பதில்லை. ஓடுகிறவன் ஒன்று இரை, இல்லையென்றால் திருடன் என்பது அவற்றின் முடிவு. மனிதர்களின் முடிவும் பல சமயம் இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

பொது இடம் என்றால் எல்லோரும் வந்துபோகக்கூடிய இடம் என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. வந்துபோவதை அனுமதித்துக்கொண்டே ஒவ்வொரு அடிக்கும் காரணம் கேட்கும் இடங்கள் உண்டு. எந்த இடத்தில் ஒருவன் காரணம் சொல்லாமல் இருக்க முடிகிறதோ, அதுவே அவனளவில் பொது இடம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரே நடைபாதை சிலருக்குப் பொது இடமாகவும் சிலருக்கு அந்நியர் வீட்டு முற்றமாகவும் இருப்பதைக் காண முடியும்.

2

முதலில் கேள்வி கேட்கிறவர்களின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது.

நான் ஓடிவிட்டு வியர்வையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அம்மாயி சொன்னாள்: ‘இத்தனை தெம்பு இருந்தா தோட்டத்துல நாலு கொடம் தண்ணி சேந்தி ஊத்தலாமில்ல சாமி.’ அன்றைக்குச் சிரித்தேன். பிறகு அந்த வாக்கியம் என்னை விடவில்லை. மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் அப்புச்சி கவலை ஓட்டியவர். கிணற்று மேட்டிலிருந்து சரிவில் எருதுகளோடு இறங்கி, பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் மறுபடி மேட்டுக்குத் திரும்பி, மறுபடி இறங்கி, விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும்வரை அதே சில கெஜ தூரத்தில் போய்வந்தவர். அவரும் என்னைப் போலப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்தவர்தான். வித்தியாசம் ஒன்றுதான். அவர் ஒவ்வொரு முறை இறங்கியபோதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

கொங்கு நாட்டின் மானாவாரி மண்ணில் உடம்பின் பலம் என்பது செலவழிக்க வேண்டிய இடத்தில் மட்டும் செலவழிக்கப்பட வேண்டிய பொருள். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லுக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் வந்தபோது தோட்டத்து உடம்புகள் சங்குச் சத்தத்துக்கு ஓடப் பழகின. ஷிப்டு தவறினால் கூலி போய்விடும் என்பதால் ஓடினார்கள். அதற்கு முன்னால் தபால் பையைச் சுமந்து சலங்கை கட்டிய ஈட்டியோடு ஓடிய ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டமே உத்தியோகம். எல்லா ஓட்டங்களின் முடிவிலும் ஒரு கதவோ ஒரு கடிதமோ ஒரு கூலியோ இருந்தது. உடம்பை இப்படி வாழ்நாள் முழுக்க விற்றவர்கள் முன்னால் ஒருவன் வியர்வையைச் சும்மா சிந்துகிறான் என்றால், பசித்தவன் எதிரில் சோற்றை இறைப்பதைப் போன்ற ஒரு கூச்சத்தை அது உண்டாக்கத்தான் செய்யும். அம்மாயியின் வாக்கியத்தில் பழமைவாதம் இல்லை. அதில் இருப்பது கணக்கு.

ஆனால் இந்தக் கணக்குக்கு நான் சொன்ன பதில் பொய். ‘சுகர் வராம இருக்கோணும்னு டாக்டர் சொன்னாருங்க’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். உடனே எல்லா முகங்களும் தெளிந்தன. டாக்டர் என்ற சொல் சலங்கையைப் போல வேலை செய்தது. எந்த டாக்டரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நோய்க்குப் பயந்து ஓடுகிறவனைச் சமூகம் ஏற்கிறது. ஏனெனில் அவனை ஏதோ ஒன்று துரத்துகிறது. சந்தோஷத்துக்காக ஓடுகிறவன் கணக்கில் வருவதில்லை. சும்மா இருப்பதை ஞானத்தின் உச்சமாகப் பேசிய மொழி நம்முடையது. சும்மா இருக்க ஞானிக்கு அனுமதி உண்டு. சும்மா ஓட யாருக்கும் இல்லை.

2022 மார்ச்சில் நோய்டா சாலையில் நள்ளிரவில் ஓடிக்கொண்டிருந்த பிரதீப் மெஹ்ரா என்ற 19 வயது இளைஞனை ஒரு திரைப்பட இயக்குநர் காரிலிருந்து படம் பிடித்தார். காரில் ஏறிக்கொள்ளத் திரும்பத் திரும்ப அழைத்தார். அவன் மறுத்துவிட்டு ஓடினான். மெக்டொனால்ட்ஸில் வேலை முடிந்து 10 கிலோமீட்டர் ஓடி அறைக்குப் போவதாகவும், ராணுவத்தில் சேருவதற்கான பயிற்சிக்கு வேறு நேரம் இல்லையென்றும், அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் சொன்னான். தேசம் உருகியது. அந்தப் பையனின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தேசம் எதற்காக உருகியது என்று யோசித்தால் எனக்குச் சற்று அச்சமாக இருக்கிறது. ராணுவம், தாய், வறுமை ஆகிய மூன்று முத்திரைகளும் அவன் ஓட்டத்தின்மேல் விழுந்தன. எனக்கு ராத்திரியில் ஓடப் பிடிக்கும், அவ்வளவுதான் என்று அவன் சொல்லியிருந்தால் அந்தப் படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதைவிட மோசமாகவும் நடந்திருக்கலாம்.

3

இதைவிட மோசமாக நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். நடந்த விஷயம் சிறியது. யாரும் சாகவில்லை. யாரும் அடிபடவுமில்லை.

ஒரு மார்கழி விடியற்காலை. பனி இன்னும் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தான். வயது 19, 20 இருக்கும். காலில் செருப்பில்லை. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி விட்டிருந்தான். நல்ல ஓட்டம், என்னைவிட வேகமாக, குதிகால் தரையில் படாமல் ஓடினான். திருப்பத்தில் நான் வந்து சேர்ந்தபோது நடைபயில வந்த இரண்டு பெரியவர்களும் ஒரு காவலாளியும் அவனை நிறுத்தியிருந்தார்கள். காவலாளி அவன் கைமூட்டைப் பிடித்திருந்தான். ‘எங்கடா ஓடறே?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. வேகமாக ஓடிவந்து சட்டென்று நிறுத்தப்பட்டவனுக்குப் பேச்சு வராது. மூச்சு வாங்குவதுதான் முதல் வேலையாக இருக்கும். ஓடிப் பழகிய எவனுக்கும் இது தெரியும். ஆனால் அந்த மௌனத்தை அவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். ‘எந்த ஊரு?’ என்று ஒருவர் கேட்டார். ஏதோ சொன்னான். ‘அதுல எந்தப் பக்கம்?’ என்றார் இன்னொருவர். நம் ஊர்களில் இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

நானும் மூச்சு வாங்க ஓடிவந்தவன்தான். என் சட்டையும் நனைந்திருந்தது. ஒரு பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, ‘குட் மார்னிங் சார்’ என்று சொல்லி, எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். நான் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். வேகம் குறைந்திருந்தது. ஓடினேன்.

அடுத்த சுற்றில், ஏறக்குறைய 15 நிமிடம் கழித்து அதே திருப்பத்துக்கு வந்தபோது பையன் இல்லை. நின்று விசாரித்தேன். ‘போலீஸ் வேலைக்கு ஓடறானாமுங்க. விசாரிச்சிட்டு உட்டுட்டோம். இங்கெல்லாம் வராதே, எங்காச்சும் கிரவுண்டுல ஓடிக்கோன்னு சொல்லி அனுப்பிச்சோம்’ என்றார் அந்தப் பெரியவர். குரலில் வன்மம் எதுவும் இல்லை. பொறுப்பான ஒரு காரியத்தைச் செய்து முடித்த திருப்தி இருந்தது. பிறகு கேட்டார்: ‘நீங்க இன்னைக்கு எத்தனை ரவுண்டுங்க சார்?’

தமிழ்நாட்டில் இரண்டாம்நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்காகக் கிராமத்துச் சாலைகளிலும் குளக்கரைகளிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் விடியற்காலையில் ஓடுகிற பையன்களையும் பெண்களையும் கொங்கு நாட்டில் எங்கும் பார்க்கலாம். ஆக, அன்றைக்கு அந்தச் சாலையில் ஓடிய இருவரில் காரணத்தோடு ஓடியவன் அவன். காரணமில்லாமல் ஓடியவன் நான். காரணம் உள்ளவனை நிறுத்திக் காரணம் கேட்டார்கள். இல்லாதவனுக்கு வணக்கம் சொன்னார்கள். அம்மாயியின் கேள்வியும் இந்தப் பெரியவர்களின் கேள்வியும் வார்த்தையில் ஒன்றாகத் தோன்றினாலும் வேறுவேறானவை. அம்மாயி என் ஓட்டத்துக்குக் கணக்குக் கேட்டாள். இவர்கள் அவனுடைய இருப்புக்குக் கணக்குக் கேட்டார்கள்.

என் கணக்கைத் தீர்த்துவைத்தது எது? யோசித்துப் பார்த்தால், ஷூ. சில ஆயிரம் ரூபாய் பெறுமான, கண்ணை உறுத்தும் நிறத்தில் இருக்கிற ஷூ. தபால்காரனின் சலங்கை அவன் சர்க்கார் வேலையாக ஓடுகிறான் என்று அறிவித்ததைப் போல என் ஷூ, நான் திருட வேண்டிய அவசியமில்லாதவன் என்று எனக்கு முன்னால் அறிவித்துக்கொண்டு ஓடியது.

4

ஸார்த்ர் 1943இல் வெளியான தமது பெரிய நூலில் சாவித் துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்க்கிற ஒருவனை உதாரணமாகக் காட்டுகிறார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் அவன் தன்னைத் தானே மற்றவனின் கண்ணால் பார்த்து அவமானமடைகிறான். மற்றவனின் பார்வை நம்மை ஒரு பொருளாக உறையவைக்கிறது என்பது அவர் கண்டது. பொது இடத்தில் ஓடுகிற எவனுக்கும் இது அனுபவமாகத் தெரியும். நாலுபேர் பார்க்கிறார்கள் என்று உணர்ந்த கணத்தில் அதுவரை தானாக இயங்கிய கால்கள் இரண்டு தனித்தனிக் கால்களாகிவிடுகின்றன.

ஆனால் ஸார்த்ரின் ‘மற்றவ’னுக்கு ஊர் இல்லை, தெரு இல்லை. அவன் எவனாகவும் இருக்கலாம். நம் சாலைகளில் பார்வை அப்படிச் சமமாக விழுவதில்லை. ஒருவன்மேல் அது வெளிச்சமாக விழுகிறது. இன்னொருவன்மேல் கையாக விழுகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிரன்ஸ்விக் நகருக்கு அருகே 2020 பிப்ரவரி 23 அன்று அகமது ஆர்பரி என்ற 25 வயதுக் கறுப்பு இளைஞன் ஒரு குடியிருப்புத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். வழியில் கட்டிமுடியாத ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்திருந்தான், எதையும் எடுக்கவில்லை. மூன்று வெள்ளையர்கள் திருடன் என்று முடிவுகட்டி, இரண்டு வண்டிகளில் துரத்தி மடக்கினார்கள். அவர்களில் ஒருவன் அவனைச் சுட்டுக் கொன்றான். கொன்றவர்களே எடுத்த படம் மே மாதம் வெளியான பிறகுதான் கைது நடந்தது. 2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அந்தச் சாவையும் ரேஸ் கோர்ஸில் ஒரு கையைப் பிடித்ததையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் இரண்டிலும் யோசனையின் அமைப்பு ஒன்று: இவன் ஓடுகிறான், எனவே எதிலிருந்தோ ஓடுகிறான்.

நம்மிடம் இந்த யோசனைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. பொதுச் சாலையும் தெருவும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் 1924இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. அப்படித் தீர்மானிக்க வேண்டியிருந்தது என்பதே அதுவரை சாலை யாருடையதாக இருந்தது என்பதைச் சொல்லும். கோவையைச் சேர்ந்த ஆர். வீரையனும் அதே சபையில் இந்த உரிமைக்காக வாதாடியவர். சட்டம் கால்களுக்கு அனுமதி கொடுத்தது. கால்களின் வேகத்துக்கும், செருப்புக்கும், சைக்கிளுக்கும் ஊர்கள் தனித்தனியே அனுமதி கேட்டுக்கொண்டிருந்தன. மெதுவாக, தலை குனிந்து நடந்துபோனால் பார்க்காததுபோல் இருந்துவிடுவார்கள். வேகம் என்பது எப்போதும் அந்தஸ்தின் விஷயமாக இருந்திருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் கேள்வி கையாகவே வந்த ஒரு காட்சிக்குப் புகைப்படம் இருக்கிறது. 1967 பாஸ்டன் மாரத்தானில் 261ஆம் எண்ணோடு ஓடிய கேத்தரின் ஸ்விட்ஸரை, பந்தய அதிகாரி ஒருவர் பாதையில் புகுந்து இழுத்து, அந்த எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். பெண்களை அந்தப் பந்தயம் 1972இல்தான் முறைப்படி சேர்த்துக்கொண்டது. நம் ஊர்ப் பாதையில் யாரும் இழுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஓடும்போது காதில் இயர்போன் மாட்டிக்கொள்கிறாள். அதில் பாட்டு எதுவும் ஓடுவதில்லை. பேச்சுக்கள் காதில் விழவில்லை என்று மற்றவர்கள் நினைக்க வேண்டும், ஆனால் பின்னால் வருகிற காலடி தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. ஒரு மணி நேர ஓட்டத்தில் அவள் சுமக்கிற பாரத்தை என் கடிகாரம் அளக்காது.

ஒரே ஒரு சமயம் ஷூ போட்டவர்களையும் நிறுத்திக் காரணம் கேட்டார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வெளியே கால்வைப்பதற்கே காரணம் தேவைப்பட்டது. மருந்துச் சீட்டு இருந்தவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடினோம். அப்போது எங்களுக்குள் பேசிக்கொண்டபோது, இது என்ன அடக்குமுறை, சும்மா தெருவில் ஓடுவதற்குக்கூடவா என்று குமுறினோம். அந்தக் குமுறல் நியாயமானது. ஆனால் சில வாரங்களுக்கு எங்களுக்கு நேர்ந்தது சிலருக்கு ஆயுள் முழுவதும் இருக்கிற நிலை என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

5

இனி ஓடுகிறவனின் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இது பார்க்கிறவர்களின் மேல் மட்டும் போடப்பட்ட வழக்காகிவிடும்.

வேகமாக ஓடும்போது மனிதர்கள் மனிதர்களாகத் தெரிவதில்லை. நாலுபேர் கைகோத்ததுபோல் பாதையை அடைத்து நடக்கும் ஓய்வுபெற்றவர்கள், சட்டென்று குனிந்து செருப்பைச் சரிசெய்கிற அம்மா, கையை விடுவித்துக்கொண்டு ஓடுகிற குழந்தை எல்லோரும் இடைஞ்சல்கள், தாண்ட வேண்டிய பொருள்கள். நானும் அவர்களைப் பார்வையால் உறையவைக்கிறேன். பல நாட்கள் ‘வழி, வழி’ என்று கத்தியிருக்கிறேன். ஒரு நாள் ஊன்றுகோலோடு நடந்த ஒரு முதியவர் என் சத்தத்தில் திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நடுவில் நின்றுவிட்டார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். விழவில்லை. விழுந்திருந்தால் என் உடல்நலத்துக்கு அவர் இடுப்பெலும்பு விலையாகியிருக்கும்.

மேல்சாதியார் வருகையைக் கூவி அறிவித்து வழி விலக்குகிற வழக்கம் கேரளத்துச் சாலைகளில் இருந்தது. என் ‘வழி’ என்ற சத்தம் அதன் தூரத்து உறவு என்று இப்போது தோன்றுகிறது. நடைபாதை மெதுவானவர்களுக்காக வந்தது. வேகமானவன் அதில் விருந்தாளி. அவன் ஒதுங்கிப் போகலாம், தாமதிக்கலாம், தேவையானால் நடக்கலாம். காரணம் சொல்ல மறுக்கிற உரிமையை நான் கேட்கிறேன் என்றால், மற்றவர்கள் மெதுவாக இருப்பதற்கும் காரணம் கேட்காமலிருக்க நான் பழக வேண்டும்.

இது மரியாதை பற்றிய விஷயம், சுலபமானது, இப்போது கத்துவதில்லை. கடினமானது அந்தத் திருப்பத்தில் நடந்தது. நான் அன்றைக்குத் தப்பாக எதுவும் செய்யவில்லை. ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான். சுதந்திரம் என்று நான் நம்பிய அந்தச் சும்மா ஓடுதல், இன்னொருவனைப் பிடித்து வைத்திருந்ததால் கிடைத்த வழியில் நடந்தேறியது. காவலாளியின் கை அவனைப் பிடித்தபோதே எனக்கு வழிவிட்டது. இரண்டும் ஒரே அசைவின் இரு பக்கங்கள் என்பதை அந்த 15 நிமிடச் சுற்று முழுவதும் நான் யோசிக்கவில்லை. வேகத்தை மீட்பதைப் பற்றித்தான் யோசித்தேன்.

என்ன செய்திருக்கலாம்? சண்டை போட்டிருக்க வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதுமில்லை. நின்றிருக்கலாம். அவன் பக்கத்தில் நின்று, இடுப்பில் கைவைத்து, அவனைப் போலவே பேச முடியாமல் மூச்சு வாங்கியிருக்கலாம். ஓடினால் மூச்சு வாங்கும், பேச்சு வராது என்பதை அந்தப் பெரியவர்கள் என் மூலம் கண்ணால் பார்த்திருப்பார்கள். அவனுக்குச் சாட்சி சொல்ல அந்த இடத்தில் என் உடம்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவனை அந்தப் பாதையில் நான் பார்க்கவில்லை. இன்றும் ஓடுகிறேன். எத்தனை ரவுண்டு என்று கேட்கிறார்கள், சொல்கிறேன். அந்தத் திருப்பம் வரும்போது வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் நடக்கிறேன். கால் வலிக்கிறதா என்று அந்தப் பெரியவர் ஒருநாள் அக்கறையாகக் கேட்டார். அவரிடம் இதையெல்லாம் சொல்லத்தான் நின்றேன். எனக்கும் மூச்சு வாங்கியது. ‘ஆமாங்க’ என்று மட்டும் சொன்னேன்.